காருக்குக் கம்பளி

"காருக்குக் கம்பளி போர்க்கிற மனுசனை இண்டைக்குத்தான் கண்டன்!"

வேலையால் வந்த ஸ்ரீதரன் சப்பாத்தைக் கழற்ற முன்னமே கஜனி தொடங்கிவிட்டாள்.

"ஆர், தியாகலிங்கம் அங்கிளோ?"

"வேறை ஆர்? கராஜுக்கை போய்ப் பாருங்கோ. கதவுக்கு உள்பக்கமாய் ஃபோம் ஒட்டுறார். கார் பாவமாம், குளிரிலை ஸ்டார்ட் எடுக்குதில்லையாம். அவரே சொன்னவர்."

மோர்னிங்சைட்டில் தியாகலிங்கத்தின் வீட்டில், கராஜுக்கு நேர் மேலே இருந்த அறையில்தான் இவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். வாடகை குறைவு. ஏன் குறைவு என்பது பனிக்காலம் வந்த பிறகுதான் விளங்கியது. கீழே கராஜுக்கு ஒரு வெறும் தகரக் கதவு. அதனால் மேலே தரை ஐஸ் கட்டி.

நாலு மாதக் குழந்தை மிதுனனுக்கு இருமல் விட்டபாடில்லை. கஜனிக்கு நித்திரையும் இல்லை. அடிக்கடி அவன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால், ஏன் இவ்வளவு கெதியாய் வருகிறது என்று பயப்படுவாள்.

"போன கிழமை நான் என்ன சொன்னனான்? அங்கிள், தரை குளிருது, பிள்ளை இருமுறான் எண்டனான். அதுக்கு அவர் என்ன சொன்னவர் தெரியுமோ?"

"என்னவாம்?"

"'ரெண்டு சொக்ஸ் போட்டு விடு பிள்ளை.' என்ரை பிள்ளைக்கு சொக்ஸ். அவற்றை காருக்குக் கம்பளி!"

கீழே 'படார்' என்று ஒரு சத்தம்.

ஸ்ரீதரன் ஓடினான். கஜனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

கராஜ் கதவு பாதி ஏறி, அப்படியே இறுகி நின்றது. அதற்குக் கீழே தியாகலிங்கம் குந்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளைத் துகள்.

அருள்நாயகி அன்ரி இடுப்பில் கை வைத்தபடி புருசனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பார் பிள்ளை, கதவு மடிஞ்சு மடிஞ்செல்லே மேலை போறது? இந்த மனுசன் மேலையிருந்து கீழை மட்டும் ஒரே தட்டாய் ஒட்டி வைச்சிருக்கு. ஊரிலை கணக்குப் படிப்பிச்ச மனுசன்!"

"வெட்டி ஒட்டினாக் காத்து உள்ளிடும் எண்டு நினைச்சனப்பா."

"ஃபோமுக்கு நூறு டொலர். வீடு சூடாக்கிற கேஸ் பில்லிலை மிஞ்சப் போறது மாசம் பத்து. பாரம் கூடிக் கதவின்ரை ஸ்பிறிங் அறுந்தால் அதுக்கு ஆர் குடுக்கிறது, உங்கடை காரோ?"

"இஞ்சரும், உம்மடை மீன் வெட்டுற கத்தியை ஒருக்கா எடும்."

"என்ரை கத்தியோ? ஏன், காரையும் குசினிக்குள்ளை கொண்டுவந்து படுக்கப் போடுங்கோவன்!"

திட்டிக்கொண்டே கத்தியை எடுத்துவந்து கொடுத்தாள். கதவு மடிகிற இடங்களில் ஸ்ரீதரன் பிடிக்க, தியாகலிங்கம் வெட்டினார். இடுக்கெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினார். கதவின் அடியில் ரப்பர் பட்டியும் வைத்து அடித்தார். இருட்டுகிற நேரம் கதவு முனகி முனகி ஏறி, பொத்தென்று இறங்கி, தரையோடு ஒட்டிக்கொண்டது.

"இனி ஈ எறும்பும் உள்ளை வராது," என்றார் பெருமையாய்.

கஜனி குழந்தையோடு மேலே போய்விட்டாள்.

ஞாயிறு காலை வெறுங்காலோடு தரையில் நின்று பார்த்தாள். குளிர் பாதிதான் இருந்தது. அன்றைக்கு மிதுனனுக்கு இருமலும் குறைவு.

"அப்ப இங்கையே இருப்பமே?" ஸ்ரீதரன் ஆசையாய்க் கேட்டான். இரண்டு பேரும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ட் பார்த்து வைத்திருந்தார்கள். அவனுக்கு அந்த வாடகையை நினைக்கவே தலை சுற்றியது.

"இல்லை. காருக்கு ஊத்தினதிலை சிந்தினதுதான் எங்களுக்கு வந்தது. என்ரை பிள்ளையைவிடக் கார் பெரிசெண்டு நினைக்கிறவையோடை என்னாலை இருக்கேலாது. அறையை விடுறம் எண்டு நாளைக்கு நானே அவரிட்டைச் சொல்லப்போறன்."

திங்கள் காலை. இரவிரவாய்ப் பனி கொட்டியிருந்தது. தியாகலிங்கம் வேலைக்குப் போகமுன் பிடித்துவிட வேண்டும் என்று கஜனி கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கராஜை எட்டிப் பார்த்தாள்.

கார் இல்லை. போய்விட்டார் போலும்.

வெளியே 'கிறீச், கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. வாசல் கதவைத் திறந்தாள். வீட்டுக்கு முன்னால் டிரைவ்வேயில் பனி மூடி, கார் ஒரு வெள்ளைக் குவியலாய் நின்றது. பக்கத்தில் தியாகலிங்கம் கையுறை நனைய, ஒரு பழைய பாட்டுக் கசெற் பெட்டியால் அதன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள், ராத்திரிக் காரை உள்ளை விடேல்லையோ?"

"இனி விடுறேல்லை."

"அப்ப காருக்கெண்டு சொல்லி..."

"காருக்கெண்டு சொன்னாத்தான் நீங்கள் பேசாமல் இருப்பியள். உங்களுக்கெண்டு சொல்லியிருந்தா, கிழவன் வாடகை கூட்டப்போறான் எண்டு உன்ரை மனுசன் வேறை வீடு பாக்கத் தொடங்கியிருப்பான்."

கஜனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சரி அங்கிள்... கதவு இப்ப நல்லாய்த்தானே இருக்கு. காரும் உள்ளை நிண்டா என்ன?"

அவர் விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டார்.

"கதவை இறுக்கி அடைச்சாச்செல்லே. இனி உள்ளை வைச்சு ஸ்டார்ட் பண்ணினா, புகை போறதுக்கு மேலை உன்ரை பொடியன்ரை மூக்குத்தான் பிள்ளை இருக்கு."