வட்டத்துக்குள் ஒரு புள்ளி

புள்ளி நடுங்கியது.

அவன் கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். சோதனைத் திரையில் அதே வட்டம். வட்டத்துக்குள் அதே புள்ளி. கேம் கன்ட்ரோலரின் குச்சிமேல் அவன் வலது கட்டைவிரல் சும்மாதான் இருந்தது.

புள்ளி நடுங்கியது.

புது லேப்டாப். பழைய வீடியோ கேம்களை ஓட்டும் எமுலேட்டரை இப்போதுதான் ஏற்றியிருந்தான். மகள் டியூஷன் முடிந்து வருவதற்குள் கார் பந்தயம் தயாராக இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரை மேசையில் வைத்தான்.

புள்ளி நின்றது.

எடுத்தான்.

தேன்மொழி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

"கேபிள் லூஸ்."

"குடுங்க இங்க."

வாங்கி, அவனைப் போலவே விரலை வைத்தாள். புள்ளி ஆணி அடித்தாற்போல் நடுவில் நின்றது.

"நல்லாத்தானே இருக்கு. உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு குறை."

மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் அதைத் தொடவில்லை.

அப்பாவுக்கும் வலது கைதான். முதலில் காப்பி டம்ளர். சுடுகிறது என்றார். எல்லோரும் நம்பினார்கள். பிறகு சட்டைப் பொத்தான். பிறகு ஸ்பூன். ஆனால் அப்பாவுக்கு அது வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

நாளைக்குக் கடை திறக்க வேண்டும். லென்ஸுக்கு அடியில் செல்போன் போர்டு. ஊசிமுனையில் ஈயம். மயிரிழை விலகினால் போர்டு போச்சு.

பசியாக இருக்கும். தூக்கம் போதவில்லை. கன்ட்ரோலர் மட்டம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினான். எமுலேட்டரின் அமைப்புகளுக்குள் போய், பயனர் தரவுக் கோப்புறை எங்கே என்று கேட்ட இடத்தில் பழைய கோப்புறையைக் காட்டினான். மூடித் திறந்தான். எல்லாம் திரும்பி வந்தது. பாதியில் விட்ட ஆட்டங்கள். மகள் வாங்கிய கோப்பைகள். கன்ட்ரோலருக்கு அவன் போட்டு வைத்த அமைப்புகள்.

மூன்று பெயர்கள். நான். பாப்பா. அப்பா.

'நான்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான்.

புள்ளி நடுங்கியது.

மூன்றாவதை அப்பாவுக்காகவே உருவாக்கியிருந்தான். கடைசி வருடம் அப்பா பேத்தியோடு கார் ஓட்ட ஆசைப்பட்டார். கார் ரோட்டில் நிற்கவே இல்லை. சிறு அசைவுகளை ஆட்டம் கண்டுகொள்ளாதபடி அளவைக் கூட்டி வைத்தான். அப்புறம் கார் நேராகப் போனது. தன் கை சரியாகிவிட்டது என்று அப்பா சிரித்தார்.

வாசலில் மகளின் செருப்புச் சத்தம்.

அவன் 'அப்பா' என்பதைத் தேர்ந்தெடுத்தான்.

புள்ளி நின்றது.

உள்ளேயிருந்து தேன்மொழி கேட்டாள்.

"சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சு," என்றான்.