பிணம் எழுந்திருக்கும் முறை

சிறந்த நடிகர் விருதை வாங்கிய ஆதவ்விடம் தொகுப்பாளினி கெஞ்சினாள். "சார், படத்துல அப்பா பிணத்து மேல விழுந்து அழுவீங்களே, அத ஒருவாட்டி பண்ணிக் காட்டுங்க!"

"பிணத்துக்கு ஆள்?" என்று சிரித்தான் ஆதவ்.

கைதட்டுவதற்கென்று கூட்டிவந்திருந்த துணை நடிகர்கள் வரிசையிலிருந்து எத்திராஜ் எழுந்து போய் மேடையில் மல்லாந்து படுத்தார். படத்தில் பிணமாகக் கிடந்தவரும் அவர்தான். ஆதவ்வுக்கே அடையாளம் தெரியவில்லை. படப்பிடிப்பு அன்று அவனுக்கு அழுகை வரப் பதினோரு டேக் ஆனது. பதினொன்றிலும் எத்திராஜின் நெஞ்சு அசையவில்லை. இப்போது ஆதவ் மேலே விழுந்து அழுதபோதும் அசையவில்லை.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆதவ் கண்ணைத் துடைத்தபடி இறங்க, கேமராக்களும் அவன் பின்னாலேயே போயின.

"பெரியவரே, எந்திரிங்க. அடுத்து டான்ஸு," என்றார் மேடை நிர்வாகி.

பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கு ஆகாது என்பது சினிமாக்காரர்களின் நம்பிக்கை.

"ஒரே ஒரு கேமராவ இந்தப் பக்கம் திருப்புங்க சார்."

நிர்வாகி அலுத்துக்கொண்டே ஒன்றைத் திருப்பினார். எத்திராஜ் வாய்நிறையச் சிரித்தார். கையை ஊன்றி எழப்போகையில்தான் கவனித்தார்: கேமரா ஓடினால் எரியும் சிவப்பு விளக்கு அதில் எரியவில்லை.

மறுபடி மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டார்.