மாடி வீட்டுச் சத்தம்

மாடி வீட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சம் கண்டித்து வைக்கச் சொல்லலாம் என்றுதான் அவள் வாட்ச்மேனிடம் போனாள். மூன்று வயது மகள் இடுப்பில் இருந்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கிற நேரம் பார்த்து, சின்னக் கால்கள் தத்தித் தத்தி நடக்கிற சத்தம் தினமும் கேட்கிறது.

வாட்ச்மேன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "மாடி வீடு காலியாகி ரொம்ப நாளாச்சேம்மா. சாவி எங்கிட்டதான் இருக்கு."

கொக்கியில் தொங்கிய சாவியை எடுத்தும் காட்டினார்.

மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். குழாயைத் திறந்துவிட்டால் நடை கேட்டது, மூடினால் நின்றது. ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தால் கூடத்தில் மகள் விரிப்பின் மேல், உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பிள்ளை நடந்திருக்க வழியில்லை. கழுத்து நின்றதே தாமதம், உட்கார்ந்தது தாமதம், தவழ்ந்தது அதைவிடத் தாமதம். வாய் மட்டும் காலை முந்திக்கொண்டது. நாள் முழுக்கப் பேசுவாள், தனியாக ஓரடி எடுத்து வைக்க மாட்டாள்.

அவளுக்குத் தன் மூத்த மகள் ஞாபகம் வந்துவிட்டது. இவள் பிறப்பதற்கு முந்தின வருஷம், கடைத்தெருவில், ஒரு தோளில் கனத்த பையை மறு தோளுக்கு மாற்ற ஒரு நொடி குழந்தையின் கையை விட்டாள். தெருமுனையில் திரும்பிய வேனை அவளும் பார்க்கவில்லை, குழந்தையும் பார்க்கவில்லை.

அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே சின்னவளுக்குத் தெரியாது. படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி ஒடிந்துபோகிறாளே என்று கணவன் எல்லாவற்றையும் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது. காலடிச் சத்தத்தைப் பற்றி அவள் சொன்னபோதும், நீ சரியாகத் தூங்குவதில்லை என்று முடித்துவிட்டான்.

அந்த வாரமும் மகளைப் பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ரப்பர் விரிப்பும், சுவரோரம் கைப்பிடிக் கம்பிகளும், பெரிய பெரிய பந்துகளுமாக இருக்கும் அந்த அறையில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். அம்மா கையைப் பிடித்தால் மகள் நடப்பாள். எல்லாரும் மிஸ் என்று கூப்பிடும் தெரபிஸ்ட் விடச் சொல்லுவார், அம்மாவின் விரல்கள் விடாது. பிள்ளைக்குத் தெரபி கொடுக்கிறேனா, உங்கள் கைக்குக் கொடுக்கிறேனா என்று மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டதுகூட உண்டு.

அன்று மிஸ் சிரிக்கவில்லை. குழந்தையைப் பந்தின் மேல் குப்புறப் போட்டவர், உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நடக்காத பிள்ளைகளின் பாதம் பஞ்சுபோல இருக்குமாம். இந்தக் குதிகால் தரையில் அழுந்திப் பழகிய குதிகாலாம்.

"வீட்டுல இவ நடக்கிறா. உங்களுக்குத் தெரியலியா?"

மிஸ் குழந்தையைத் தூக்கி நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். குழந்தை தானாகவே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியது.

"பாருங்க. பெரியவங்க பிடிச்சு நடக்க வெச்சா கை தலைக்கு மேல போகும். இவ பக்கத்துல நீட்டுறா. கொஞ்சம் பெரிய பிள்ளை யாராவது வந்து கூட விளையாடுதா?"

வீட்டுக்கு எந்தப் பிள்ளையும் வருவதில்லை என்று அவள் சொன்னாள். அப்படியானால் சோபாவைப் பிடித்துக்கொண்டு பழகுகிறாள்போல என்று மிஸ் சமாதானம் சொன்னார். நீங்கள் பார்த்தால் ஓடிவந்து தூக்கிவிடுவீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கள்ளி என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. இத்தனை நாள் இல்லாத பேய்க்கா பயந்து செத்தோம் என்று, திரும்பும் வழியெல்லாம் மகளின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் குழாயைத் திறந்துவிட்டு, அதை மூடாமலே பூனைபோல நடந்து கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

மகள் நடந்துகொண்டிருந்தாள். சோபா அந்தக் கோடியில் இருந்தது. குழந்தையோ நட்ட நடுக் கூடத்தில், வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு, அடி மேல் அடியாக எடுத்து வைத்தது.

திடீரென்று விரல்கள் விரிந்தன, கை கீழே விழுந்தது. குழந்தை தள்ளாடியது. ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்த உடம்பை அவள் கதவு நிலையைப் பற்றி நிறுத்திக்கொண்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் ஓடவில்லை.

குழந்தை விழவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, தடுமாறித் தடுமாறி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை மடியில் அள்ளிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, "எப்படிடி கண்ணு தனியா நடந்த?" என்றாள்.

குழந்தை யாருமில்லாத கூடத்தைத் திரும்பிப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"அக்கா கைய விட்டுட்டா."