யார் கொடுத்த கிருமி?

"எல்லாம் இவ கைக்காரம். என் பிள்ளை வயித்தைப் புண்ணாக்கிட்டா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் போவோர் வருவோர் காதில் விழும்படியே சொன்னாள் மாமியார். கிரேன் ஓட்டும் மகன் வேலையிடத்தில் ரத்த வாந்தி எடுத்து விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தபால் ஆபீஸ் கவுன்டரில் நாள் முழுக்கப் பேசுகிற மருமகள், மருந்துச் சீட்டை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

காரமில்லை, கிருமி என்றார் டாக்டர். வயிற்று அமிலத்திலேயே குடித்தனம் நடத்துமாம். நம் எதிர்ப்பு சக்தி வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியும் அதை விரட்ட முடியாதாம். அந்தச் சண்டையில் வயிற்றுச் சுவர்தான் புண்ணாகுமாம். பலருக்கு இருப்பதே தெரியாது. அசட்டையாக விட்டால் சிலருக்குப் புற்றுநோயில்கூடக் கொண்டுபோய் விடலாம். வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பதால் மாமியாரையும் மருமகளையும்கூடச் சோதித்துக்கொள்ளச் சொன்னார்.

ரிப்போர்ட்டை மருமகள் போய் வாங்கி வந்தாள்.

"எனக்கு இருக்கு அத்தை. என்கிட்டேர்ந்துதான் உங்க ரெண்டு பேருக்கும் தொத்தியிருக்கு. மாத்திரை சாப்பிட்டா போயிடும்."

சொன்னேனா இல்லையா என்று மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாரம் முடிவதற்குள் சேதி அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அவள் முகம் சுளிக்கவில்லை.

மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்து, தாயும் மகனும் மறுசோதனைக்குப் போனார்கள். மூச்சுச் சோதனைக்கான பைக்குள் ஊதிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் போயிடுச்சும்மா," என்றாள் லேப் பெண்.

"என் மருமகளுக்கு எப்போ சோதனை?"

"அவங்களுக்கு எதுக்கும்மா? முதல் தடவையே இல்லைன்னுதானே வந்துது?"

மாமியார் மகன் பக்கம் கையைக் காட்டினாள். "அப்போ இவனுக்கு யார்கிட்டேர்ந்து வந்தது?"

"பெரும்பாலும் சின்னக் குழந்தையா இருக்கும்போதே வீட்டுல வந்துடும்மா. ஒரே தட்டுல சாப்பிடுறது, மென்னு ஊட்டுறது..."

மாமியார் மகனைப் பார்த்தாள். நோஞ்சானாகப் பிறந்தவன். மூன்று வயது வரை மென்று மென்று ஊட்டித்தான் அவனை ஆளாக்கியிருந்தாள்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத் தெரியும்மா. அவதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. ஊட்டி வளர்த்ததை நினைச்சு நீ நொந்துடுவியாம்."

இருவரும் வீடு திரும்பினார்கள். படியேறும்போது எதிர்வீட்டு டீச்சர் மறித்து, மருமகள் நோய் தீர்ந்ததா என்று விசாரித்தாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மருமகள் நிற்பதும் தெரிந்தது.

மாமியார் குரலைத் தாழ்த்தவில்லை.

"நோய் என்னோடது டீச்சர். பழிதான் அவளோடது."