தந்தச் சிப்பியின் பேர்

"அவங்க பேரை எடுத்துடுங்க சார். ஆமா, முழுசா எடுத்துடுங்க. என் பேர் மட்டும் போதும்."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் மாமனார், கையில் பாதி குடித்த டீயோடு.

"யார் பேரை எடுக்கச் சொன்னீங்க மாப்பிள்ளை?"

"அது வந்து... ஆபீஸ் விஷயம் மாமா."

"என் பொண்ணு பேரைத்தானே?"

மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். மாமனாருக்குச் சுர்ரென்று ஏறியது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே மியூசியத்தில் வேலை. கடல் சேற்றைச் சலித்து, கிடைக்கிற சிப்பிகளை ஆராய்கிற வேலை. போன வருடம் ஒரு தந்தச் சிப்பி கிடைத்தது. யானைத் தந்தத்தை ஊசி அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி, வெள்ளையாய், வளைந்து, இரண்டு முனையிலும் ஓட்டையோடு. அந்த வகையை அதுவரை யாருமே பார்த்ததில்லையாம். ஒரு பேர் வைத்து, கட்டுரை எழுதி, ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்கள். தலைப்புக்குக் கீழே எழுதியவர்கள் என்று இருவர் பேரும் இருந்தது. இந்த போன் வரும் வரை.

"மாப்பிள்ளைன்னு மரியாதையாவே கேக்கறேன். உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"மாமா, கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? துறைமுகத்துல இருந்து தொட்டி தொட்டியா சேத்தை வேன்ல ஏத்திக்கிட்டு வந்தேன். ரிட்டயரான மனுஷன்னுகூடப் பாக்காம கையில சல்லடையைக் குடுத்து உக்கார வெச்சீங்க. கழுவிக் கொட்டப் போன சேத்துல இருந்து அந்தச் சிப்பியைப் பொறுக்கிக் குடுத்தேன். சரி, என்னை விடுங்க, நான் வெறும் டிரைவர். அவ? மைக்ராஸ்கோப்பைப் பாத்துப் பாத்து கண்ணாடி பவர் ஏறினதுதானே மிச்சம்?"

"உண்மைதான் மாமா."

"உண்மைன்னு தெரிஞ்சும் எடுத்துட்டீங்க! அந்தச் சிப்பிக்கு இதயமே கிடையாதுன்னு சொன்னீங்களே, அதோட பழகிப் பழகி உங்களுக்கும் இல்லாமப் போச்சா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தும் அடங்கவில்லை.

"சிரிக்க வேற செய்றீங்களா? போனைப் போடுங்க அந்தப் பத்திரிகைக்காரருக்கு! என் பொண்ணு பேர் மறுபடி ஏறணும். இல்லேன்னா இப்பவே அவளை எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"இதுதானே மாமா உங்க வீடு."

மாமனார் ஒரு வினாடி தடுமாறினார். "அப்போ நீங்க கிளம்புங்க!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மகள் உள்ளேயிருந்து வந்தாள். "என்னப்பா சத்தம்? தெருக்கோடி வரைக்கும் கேக்குது."

"உன் புருஷன் கட்டுரையில இருந்து உன் பேரைத் தூக்கிட்டாரும்மா!"

"தூக்கச் சொன்னதே நான்தான்."

மாமனார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நீயா? ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு பாடுபட்டது எதுக்கு?"

"அச்சாகி வந்ததும் சொல்லலாம்னு இருந்தோம். நீங்க விட்டாத்தானே?" மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குப்பா. புதுசா ஒரு உயிரைக் கண்டுபிடிச்சு எழுதறவங்க, அதுக்குத் தன் பேரையே வெச்சுக்கக் கூடாது. சட்டமெல்லாம் இல்ல. ஆனா வெச்சா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கத்தான் செய்வாங்க. நீ உன் பேரையா வெச்சே?"

"இல்லப்பா. ஆனா வெச்ச பேர் என் பேரோடவும் ஒட்டிக்கிட்டு இருக்கே! பாக்கறவங்க என் பேரைத்தான் வெச்சுக்கிட்டேன்னு நினைப்பாங்கன்னு பத்திரிகைக்காரர் சொன்னார். ஒண்ணு நான் கட்டுரையில இருக்கணும், இல்ல அந்தப் பேர் சிப்பிக்கு இருக்கணும். நான் விலகிக்கிட்டேன். கட்டுரை நான் இன்னும் எத்தனையோ எழுதுவேன்."

"நீ விட்டுக்குடுக்கற அளவுக்கு அப்படி என்னம்மா பெரிய பேரு அது?"

மகளுக்குக் கண் கலங்கியது.

மாப்பிள்ளை போனை எடுத்து மாமனாரின் கையில் வைத்தார். "அவ பேருக்குப் பின்னால சேர்த்து எழுதறாளே, அந்தப் பேர்தான் மாமா. உங்க பேர். வேணாம்னா நீங்களே சொல்லி எடுத்துடுங்க."