நாலாவது மைக்

"யாருங்க தும்மினது?"

ஒலிப்பதிவாளர் கேட்டிருக்கவே வேண்டாம். செல்லோ வாசிப்பவருக்குத் 'தும்மல்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், அடக்கித்தான் பார்த்தேன்" என்று ஹெட்போனில் குரல் வந்தது.

வாசிப்பவர்கள் மூன்று பேரும் பள்ளிக்கூட அரங்கில். ஒலிப்பதிவாளர் பக்கத்துச் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே. அங்கிருந்து யார் முகமும் தெரியாது. மூச்சு விட்டால்கூடக் கேட்கும். அரங்கின் கதவில் அவரே கைப்பட எழுதி ஒட்டியிருந்தார்: 'பதிவு நடக்கிறது. வாய் திறக்காதீர்கள். கடைசி ஒலி அடங்கி, பத்து எண்ணும்வரை அசையாதீர்கள். யாராக இருந்தாலும் இதே சட்டம்தான்.'

"மணி பதினொன்றரை" என்றார் பக்கத்தில் இருந்த இசைத்தட்டுக் கம்பெனி மேனேஜர். அரை மணி நேரத்தில் நாலாவது தடவையாகக் கடிகாரம் பார்த்து மணி சொல்கிறார்.

போர் வேண்டாம் என்று சொல்ல வந்த ஆல்பம் அது. நாலு வாத்தியங்களுக்கு எழுதியதை மூன்று பேர்தான் வாசித்தார்கள். நாலாவது, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா. அது, இசையை எழுதி முதல் வயலினும் வாசிக்கிறவளின் கணவன் வாசிக்க வேண்டியது. அவனைப் போர்முனைக்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷம். கடிதம் நின்று எட்டு மாதம். அவன் பங்கை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

"போர் எதைப் பிடுங்கிட்டுப் போச்சுன்னு எல்லாரும் காதால கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

தினமும் காலையில் கணவனின் வயோலாவுக்குச் சுருதி சேர்த்து, கதவோரம் ஒரு நாற்காலியில் வைப்பாள். அவன் வாசிக்க வேண்டிய தாளை அதன் முன்னால் விரிப்பாள். அதற்கும் ஒரு மைக் வேண்டும் என்பாள். அதைப் பார்த்தால் வாசிக்க ஓடவில்லை என்று மூவரும் நாற்காலிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். 'காலி நாற்காலிக்கு எதுக்கு மைக்?' என்று முதல் நாள் முணுமுணுத்த ஒலிப்பதிவாளர், மூன்றாம் நாளிலிருந்து அந்த நாற்காலியைத் தானே துடைத்துப் போட ஆரம்பித்தார்.

மேனேஜருக்குத்தான் மனசு ஆறவில்லை. கடைசி இசையின் முடிவு அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"அந்தரத்துல தொங்குதேம்மா! ஒரே ஒரு சுரம்தானே குறையுது? வயோலாக்காரர் ஒருத்தரைப் பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள சுத்தமா ஒரு தடவை வாசிச்சு முடிச்சீங்கன்னா உங்க இஷ்டப்படி விட்டுடறேன். இல்லேன்னா அந்தச் சுரத்தை அவர் வாசிச்சுடட்டும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"அண்ணி, இதுதான் கடைசி. நேரமில்லை" என்றாள் இரண்டாவது வயலின் வாசிக்கும் நாத்தனார்.

"சார், இந்தத் தடவை என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க" என்றாள் அண்ணி.

"தும்மலை மட்டும் பார்த்துக்குங்க. ஆரம்பிக்கலாம்."

வாசித்தார்கள். அப்படியொரு வாசிப்பை ஒலிப்பதிவாளர் தன் இருபது வருஷ வேலையில் கேட்டதில்லை. தும்மல்கூடத் தும்மவில்லை. பாதியைத் தாண்டியதும் அவரே சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் நாலாவது மைக்கில் கதவு திறக்கும் சத்தம். மெதுவாக நாலு காலடிகள். கனமான ஷூ. நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. வயோலாவைக் கையில் எடுக்கிற சத்தம்.

"உங்க ஆள் உள்ள வந்து உட்கார்ந்துட்டாரு!" ஒலிப்பதிவாளர் பல்லைக் கடித்தார்.

"நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாரா? பொறுப்பான மனுஷன்!" மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

"அந்த அம்மா பொத்திப் பொத்தி வச்சிருக்கிற வயோலா சார் அது! எடுக்கறதுக்கு அவருக்கு எப்படி மனசு வந்துச்சு?"

ஒலிப்பதிவாளரின் கை, பதிவை நிறுத்தும் பொத்தான்வரை போய்விட்டது. நிறுத்தாதீங்க என்று அவள் கெஞ்சியது நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டார். போகட்டும், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகத்தான் பதிவாகிறது. நாலாவதை அப்புறம் அழித்துவிட்டால் போயிற்று.

முடிவு வந்தது. மூன்று சுரங்கள் எழுந்து வழக்கம்போல் அந்தரத்தில் நின்றன. நாலு நாளாகக் காலியாகவே இருந்த அந்த இடத்தில், ஆழமாக, நிதானமாக, ஒரு வயோலா சுரம் வந்து உட்கார்ந்தது.

ஒலிப்பதிவாளருக்கு உடம்பு சிலிர்த்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, என்னமாய் வாசிக்கிறான்! ஒலி அடங்கியதும் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு...

மேனேஜர் அவர் தோளைத் தட்டித் தன் செல்போனைக் காட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வயோலாக்காரர் அனுப்பிய செய்தி: 'பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. நான் வந்து சேர ஒரு மணி ஆகும்.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து, ஆறு. ஹெட்போனில் யாரும் அசையும் சத்தம் இல்லை. நாற்காலி திரும்பும் சத்தம்கூட இல்லை. ஏழு. எட்டு.

அதற்குமேல் நாத்தனாரால் முடியவில்லை. "அண்ணா!" என்று கேவினாள்.

இதுவரை யாருமே பேசியிராத நாலாவது மைக்கில், அழுகையும் சிரிப்புமாக ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது:

"உஷ்! கதவுல எழுதியிருக்காங்க இல்ல? இன்னும் ரெண்டு எண்ணணும்!"