தோள் அளவு

மார்ச் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி. குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், பிரிந்த பெற்றோர் பிள்ளைகளைச் சந்திக்கும் அறை. பத்து மாதம் கழித்து இன்றுதான் தையற்காரருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தரையில் சம்மணமிட்டு, தான் தைத்த மஞ்சள் கவுனை மகளின் தலைவழியே இறக்குகிறார். தோளில் சிக்கிக்கொள்கிறது. அளவெடுக்காமல் யார் துணியிலும் கத்திரி வைக்காதவர், மகளுக்கு மட்டும் கைக்குப் பழகிய ஒன்றரை வயது அளவிலேயே வெட்டிவிட்டார். அப்போதெல்லாம் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் பூனையைக் கைகாட்டுவாள். இப்போது உதவ நீளும் கையைத் தட்டிவிடுகிறாள். “நானே!” “சரிங்க மகாராணி, நீங்களே.” முகம் சிவக்கக் கவுனை உருவிப் போடுகிறாள். “இறுக்குது மாமா.” வாசலில் நிற்கும் அவள் அம்மா தாழ்ந்த குரலில், “மாமா இல்லடி, அப்பா” என்கிறாள். ஜன்னல் வெயில் மஞ்சள் துணிமேல் விழுகிறது. அவர் சிரித்தபடியே கழுத்திலிருந்த டேப்பை எடுக்கிறார். “கொஞ்சம் நேரா நில்லுங்க பாப்பா.” கூச்சத்தில் நெளிந்தாலும் நிற்கிறாள். பதினொரு மணிக்கு எழுத்தர் வந்து, அடுத்த சந்திப்பு ஜூன் மாதம் என்கிறார். தையற்காரர் தோள் அளவில் அரை அங்குலம் கூட்டி எழுதிக்கொள்கிறார்.